கண்ணாடிக் குடிலில் பிறந்த பன்னீர்த் திராட்சை

(மாவட்ட அறிவியல் ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பசுமை இல்ல விளைவு' பாடத்தை வகுப்பறையில் எப்படிக் கொண்டுசெல்வது என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் கம்பம் பள்ளத்தாக்கில் வேலை பார்ப்பவன். அதனால் பேச்சு முழுக்கத் திராட்சைக் கொடி படர்ந்துகிடக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பாடத்துக்கு வந்துவிடுவேன்.

பாடப்புத்தகம் என்ன செய்கிறது? பூமியைச் சுற்றியுள்ள வாயுக்கள் வெப்பத்தைப் பிடித்துவைப்பதை விளக்க, 'ஒரு பசுமை இல்லத்தைப் போல' என்கிறது. தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றைக் காட்டி விளக்குவது நல்ல உத்திதான். ஆனால் யாருக்குத் தெரிந்தது? இங்கிலாந்தில் ஒரு பிள்ளை இதைப் படித்தால், தாத்தா வீட்டுக் கொல்லையில் தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் குடில் நினைவுக்கு வரும். ஓசூரில் ரோஜா வளர்க்கும் குடில்களுக்குப் பக்கத்தில் படிக்கும் பிள்ளைக்கும் ஓரளவு பிடிபடும். என் வகுப்பில் 'பசுமை இல்லம் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்' என்றால், பச்சை பெயின்ட் அடித்த வீட்டைப் பார்த்தவன் கை தூக்குகிறான். அவன் மேல் தப்பில்லை. அந்தச் சொல் அவனுக்கு அதைத்தான் சொல்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது திராட்சை. ஆகவே உலகத்திலேயே பெரிதாகச் சொல்லப்படும் திராட்சைக் கொடியிலிருந்து நான் பாடத்தைத் தொடங்குவேன். அது லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இருக்கிறது. 1768இல் நட்டது. நட்டவர் லான்சலட் பிரவுன் என்ற புகழ்பெற்ற தோட்டக் கலைஞர். ஏறத்தாழ 250 ஆண்டுகளாக அந்த ஒரே கொடி காய்த்துக்கொண்டிருக்கிறது. 'பிளாக் ஹாம்பர்க்' என்ற கருந்திராட்சை வகை. சராசரியாக வருடத்துக்கு 600 பவுண்டு, அதாவது 270 கிலோவுக்குச் சற்று மேல் பழம் கிடைக்கிறது. செப்டம்பரில் அறுத்து அரண்மனைக்கு வரும் பார்வையாளர்களுக்கு விற்கிறார்கள்.

இதைச் சொன்னவுடன் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, 'வருசத்துக்கு ஒரே அறுப்பா சார்?' என்பது. கேட்பவனின் குரலில் இளக்காரம் இருக்கும். இருக்கட்டும். அந்த இளக்காரம்தான் பாடத்துக்குள் நுழையும் வாசல்.

அந்தக் கொடி எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். வேர் கண்ணாடிக் குடிலுக்கு வெளியே, திறந்த மண்ணில் இருக்கிறது. கிளைகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. குடிலுக்கு முன்னால் ஒரு பெரிய நிலப்பரப்பை எதுவும் நடாமல் சும்மா விட்டிருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு வெற்று நிலம். அடியில் முழுக்க வேர். இங்கிலாந்தில் வீட்டுக் குடிலில் திராட்சை வளர்ப்பவர்கள் பலரும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். வெளியே நட்டு, சுவரின் அடியில் ஒரு துளை விட்டு, கொடியை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். வேருக்கு மழை கிடைக்கும், இலைக்குச் சூடு கிடைக்கும்.

அடுத்ததைக் கேளுங்கள். குளிர்காலத்தில் அந்தக் குடிலின் சன்னல்களை என்ன செய்வார்கள்? என் வகுப்பில் எல்லாருமே 'இறுக்கி மூடுவார்கள்' என்றார்கள். இல்லை, திறந்துவிடுவார்கள். இலை உதிர்த்த கொடிக்குக் குளிர் வேண்டும். குளிரில் ஓய்வெடுத்தால்தான் வசந்தத்தில் எல்லாக் கண்ணும் ஒழுங்காகத் துளிர்க்கும். குடில் என்பது கொடியைக் குளிரிலிருந்து காப்பாற்றும் போர்வை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது மார்ச்சில் துளிர்ப்பதை முன்னதாகத் தொடங்கவும், செப்டம்பரில் பழம் இனிப்பதற்குள் கோடை ஓடிவிடாமல் இருக்கவும்தான். வெப்பக் காலத்தை முன்னும் பின்னும் கொஞ்சம் இழுத்துக்கொடுக்கிறது, அவ்வளவே.

கவாத்து டிசம்பரில். பக்கக் கிளைகளை ஒன்றிரண்டு கண் விட்டு வெட்டுகிறார்கள். அதன் பிறகு சிலர் கொடியைக் கம்பியிலிருந்து அவிழ்த்துக் கீழே வளைத்துத் தொங்கவிடுவார்கள். ஏன்? நிமிர்த்தி வைத்தால் நுனிக்கண் முந்திக்கொண்டு துளிர்க்கும், அடிக்கண் தூங்கிவிடும். 'நுனி ஆதிக்கம்' என்று தாவர இயக்குநீர் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகிறோமே, அது இதுதான். பூக்கும் பருவத்தில் நடுப்பகலில் கொடியை லேசாகத் தட்டிவிட்டு மகரந்தம் உதிரச் செய்கிறார்கள். காய் பட்டாணி அளவு வரும்முன் நுனி கூரான கத்தரிக்கோலால் கொத்தின் உட்காய்களை வெட்டி எடுத்து இடம் விடுகிறார்கள். அப்போது கொத்தைக் கையால் தொடவே மாட்டார்கள், ஒரு குச்சியால் விலக்கிப் பிடித்துக்கொள்வார்கள். காயின் மேல் படிந்திருக்கும் வெண்மெழுகு அழிந்துவிடக் கூடாது என்பதற்காக. சந்தையில் அந்த வெண்மையைப் பார்த்து 'மருந்து அப்பியிருக்கு' என்று பயப்படுபவர்கள் நம்மிலும் உண்டு. மருந்துப் படிவும் இருக்கத்தான் செய்கிறது, கழுவித்தான் தின்ன வேண்டும். ஆனால் சீராக மூடியிருக்கும் மெல்லிய வெண்பூச்சு பழம் தானே சுரந்த மெழுகு.

அந்த நாட்டில் இத்தனை பாடு யாருக்காக? ரொம்ப காலம் பிரபுக்களுக்காக மட்டும். பிரிட்டனில் கண்ணாடிக்கு எடை பார்த்து வரி இருந்தது. 1845இல் அதை நீக்கிய பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களும் கண்ணாடிக் குடில் கட்டத் தொடங்கின. 1851இல் லண்டனில் கண்ணாடியாலேயே ஒரு கண்காட்சி மாளிகை எழுந்தது. அதைக் கட்டிய ஜோசப் பாக்ஸ்டன் அடிப்படையில் ஒரு தோட்டக்காரர். வரலாறு நடத்தும் ஆசிரியர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

அப்படி ஒரு பிரபுவின் கண்ணாடிக் குடிலில்தான் எங்கள் ஊர்க் கதை தொடங்குகிறது. பெட்ஃபோர்டுஷயரில் ரெஸ்ட் பார்க் என்ற மாளிகை. அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஸ்னோ என்பவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், ஹாம்ப்டன் கோர்ட்டில் இருக்கிறதே அதே பிளாக் ஹாம்பர்க்கையும், மணமுள்ள 'மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா' என்ற வெள்ளைத் திராட்சையையும் கலந்து ஒரு புதிய வகையை உண்டாக்கினார். கறுப்பு நிறம் ஒன்றிடமிருந்து, மணம் இன்னொன்றிடமிருந்து. அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பின்னாளில் மரபணுச் சோதனையும் இந்தப் பெற்றோரை உறுதிசெய்தது. சுருளிப்பட்டியிலும் கூடலூரிலும் காமயகவுண்டன்பட்டியிலும் பந்தல் பந்தலாகத் தொங்கும் பன்னீர்த் திராட்சை என்பது இந்த மஸ்கட் ஹாம்பர்க்தான். பன்னீர் மணம் என்று நாம் சொல்வது அந்த மஸ்கட் மணம். 2023இல் 'கம்பம் பன்னீர்த் திராட்சை' என்று புவிசார் குறியீடு பெற்றதும் அதுவே.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்தாள். 'சார், 1832லயே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தாருன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சே.' ஆமாம், குறியீடு கிடைத்தபோது அப்படிச் செய்தி வந்தது. ஸ்னோ கலப்பு செய்தது அதற்குப் பிந்தைய காலம். ஒரு செடி பிறக்குமுன்பே ஊருக்கு வந்திருக்க முடியாது. பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு திராட்சை வகையாக இருக்கலாம். பன்னீர் பிறகு வந்து சேர்ந்திருக்கலாம். இரண்டையும் கரும்பலகையில் எழுதி, எதை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று பிள்ளைகளிடமே விட்டேன். அரைமணி நேரம் சத்தம் அடங்கவில்லை. பக்கத்து வகுப்புத் தமிழாசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது அந்த இளக்காரக் கேள்விக்கு வருகிறேன். அங்கே ஒரு அறுப்பு, இங்கே ஏன் ஆண்டு முழுக்கப் பழம்? இங்கே குளிர்காலம் என்று ஒன்று இல்லை. கொடி தானாக உறங்காது, தானாக இலை உதிர்க்காது. சும்மா விட்டால் இலையும் கொடியுமாகப் படர்ந்துகொண்டே போகும். ஆகவே குளிர் செய்ய வேண்டிய வேலையை இங்கே கத்தரி செய்கிறது. கவாத்து வெட்டிய நாள் கொடிக்கு வருடப் பிறப்பு. அன்றிலிருந்து சுமார் 120 நாளில் பழம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேறு தேதியில் வெட்டியிருப்பார், அவர் கொடிக்கு வேறு வருடப் பிறப்பு. அதனால்தான் ஒரே தெருவில் ஒரு பந்தலில் பூ, அடுத்த பந்தலில் அறுப்பு. வெட்டிய பிறகு கண்கள் ஒரே சீராகத் துளிர்க்க ஹைட்ரஜன் சயனமைடு தடவுவதும் உண்டு. அங்கே சன்னலைத் திறந்து இலவசமாக வாங்கும் குளிரை இங்கே பாட்டிலில் வாங்குகிறோம். அது நச்சு மருந்து, பிள்ளைகள் கை படவே கூடாது.

இதை எனக்கு விளக்கியது ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பையன். அவன் அப்பாவும் அம்மாவும் கவாத்துக் கூலிக்குப் போகிறவர்கள். கவாத்து நேரத்தில் அவனும் போய்விடுவான். வருகைப் பதிவேட்டில் வரிசையாகச் சிவப்பு விழும். தாவர உடற்செயலியல் தேர்வில் அவன் எடுத்த மதிப்பெண் 11. 'கவாத்துக்கு முன்னாடி ஏன்டா தண்ணிய நிறுத்துறாங்க?' என்று கேட்டேன். 'ஈரத்துல வெட்டுனா கொடி அழும் சார். வெட்டுன எடத்துல சொட்டிக்கிட்டே இருக்கும்' என்றான்.

அவன் சொன்னது வேர் அழுத்தம். 11 மதிப்பெண் தேர்வில் அந்தக் கேள்வியும் இருந்தது. 'வேர் அழுத்தம் வரையறு' என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தான்.

வேர் அழுத்தத்தை முதன்முதலாக அளந்தவர் எப்படி அந்த ஆராய்ச்சிக்கு வந்தார் தெரியுமா? ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார். அவர் இருந்த டெடிங்டன் ஹாம்ப்டன் கோர்ட்டுக்குப் பக்கத்து ஊர்தான். ஒரு பழைய திராட்சைக் கொடியைப் பருவம் தப்பி வெட்டியதால் அது சொட்டிக்கொண்டே இருந்தது. செத்துவிடுமோ என்று பயந்து எதையெதையோ செய்து பார்த்தார், நிற்கவில்லை. கடைசியில் ஒரு விலங்கின் பையை வெட்டுவாயில் இறுக்கிக் கட்டினார். சாறு ஏறி அந்தப் பை பலூன் மாதிரி உப்பியது. இவ்வளவு விசை எங்கிருந்து வருகிறது என்று கண்ணாடிக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அளந்தார். சாறு 20 அடிக்கு மேல் ஏறியது. 1727இல் புத்தகமாக வெளியிட்டார். என் மாணவனும் ஹேல்ஸும் பார்த்தது ஒரே சொட்டுதான். ஹேல்ஸுக்கு அதைத் தொடர்ந்து போக நேரமும் குழாயும் இருந்தன.

நண்பர்களே, 'படிக்கலேன்னா கவாத்துதான் வெட்டப் போவே' என்று ஒரு வாசகம் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் புழங்குகிறது. உங்கள் பக்கம் அது மாடு மேய்ப்பதாக இருக்கும், கடலோரத்தில் வலை இழுப்பதாக இருக்கும். பெற்றோரே சொல்கிறார்கள், தங்கள் பாடு பிள்ளைக்கு வேண்டாம் என்ற ஏக்கத்தில் சொல்கிறார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. நமக்கு இல்லை என்பது என் கருத்து. அப்பனின் வேலையைத் தண்டனையாகக் காட்டும் வகுப்பில், அந்த வேலையிலிருந்து தனக்குத் தெரிந்ததை ஒரு பிள்ளை எழுந்து சொல்லாது. கூலி வேலையை நான் உயர்த்திப் பேசவில்லை. அவன் பள்ளிக்கு வர வேண்டும், தொடர்ந்து வர வேண்டும். அதற்காகத்தான் அவன் வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேர் போய்ப் பேசினோம். அவன் அம்மா, 'கவாத்து நாலு நாள்தான் சார், அப்புறம் அனுப்புறேன்' என்றார். நாலு நாள் ஒன்பது நாளானது. பிறகு வந்தான். 'அழும் கொடி' என்று தலைப்பிட்டு அவன் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிய வகுப்பில் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த கவாத்துக்கும் அவன் போகத்தான் செய்தான், இந்தமுறை இரண்டு நாள். இதைத் தீர்ந்துபோன விஷயமாக உங்களிடம் சொல்ல மாட்டேன்.

கண்ணாடிக் குடிலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1845இல் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் டக்கர் என்ற தோட்டக்காரர் தன் குடில் திராட்சையில் சாம்பல் பூத்தது போன்ற நோயைப் பார்த்தார். சாம்பல் நோய் ஐரோப்பாவில் கண்ணில் பட்டது அங்கேதான் முதலில். சில ஆண்டுகளில் பிரான்சின் தோட்டங்களெல்லாம் வெளுத்தன. கந்தகத்தூள் தூவித்தான் மீண்டார்கள். 1863இல் லண்டன் அருகே ஹேமர்ஸ்மித்தில் ஒரு குடிலில் வேரைத் தின்னும் ஃபில்லாக்செரா பூச்சி தென்பட்டது. அது பிரான்சின் திராட்சையைப் பெரும்பகுதி அழித்தது. இரண்டுமே அமெரிக்காவிலிருந்து வந்தவை. தூர தேசத்துச் செடியைக் கொண்டுவந்து பொத்திப் பொத்தி வைத்த இடமே நோய்க்கும் முதல் வீடானது. உயிரியல் ஆசிரியர்கள் 'அயல் இனங்கள்' பாடத்துக்கு இதை விட நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

அடிச்சாம்பல் நோய்க்கு மருந்து கிடைத்த கதை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பிரான்சின் போர்டோ பக்கத்தில் சாலையோரக் கொடிகளில் பழம் திருடு போகாமல் இருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அசிங்கமாகப் பூசிவைப்பார்கள். 1882இல் மில்லார்டே என்ற பேராசிரியர், பூசிய கொடியில் மட்டும் இலை நோயில்லாமல் இருப்பதைக் கவனித்தார். 1885இல் போர்டோ கலவை வெளிவந்தது. ஒரு சதவீதக் கலவை என்றால் 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். எங்கள் விவசாயிகள் கலந்து முடித்ததும் ஒரு இரும்புக் கத்தியை முக்கிப் பார்ப்பார்கள். கத்தியில் செம்புச் சிவப்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். இரும்பு, தாமிர சல்பேட்டிலிருந்து தாமிரத்தை இடப்பெயர்ச்சி செய்கிறது. நாம் சோதனைக் குழாயில் ஆணியைப் போட்டுக் காட்டுகிறோமே, அதே வினை. அதை ஆசிரியர் மட்டும் செய்து காட்டினால் போதும். தோட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், கடைசியாக என்றைக்கு மருந்தடித்தார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். அனுமதிக் கடிதத்தை விட அந்தக் கேள்வி முக்கியம்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். கண்ணாடிக் குடில் ஏன் சூடாகிறது? ஒளி உள்ளே வருகிறது, தரை சூடாகி வெளியிடும் அகச்சிவப்புக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். 1909இல் ஆர்.டபிள்யூ. வுட் என்ற இயற்பியலாளர் இதைச் சோதித்தார். இரண்டு பெட்டி. ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றதற்குப் பாறை உப்பில் செய்த மூடி. அது அகச்சிவப்பைத் தடுக்காது. இரண்டுமே ஏறத்தாழ ஒரே அளவு சூடாகின. அப்படியென்றால் குடிலைச் சூடாக்கும் முக்கியக் காரணம் வேறு. சூடான காற்று மேலெழுந்து ஓடிவிடாமல் மூடி நிற்பதுதான். வெப்பச்சலனத்தைத் தடுப்பது. கண்ணாடி அகச்சிவப்பைத் தடுப்பது அதற்குக் கொஞ்சம் துணை செய்யும், அவ்வளவுதான்.

வளிமண்டலத்தில் நடப்பது அப்படியல்ல. அங்கே மூடி கிடையாது, காற்று தாராளமாக மேலே போகிறது. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் மீத்தேனும் தரையின் அகச்சிவப்பை உறிஞ்சி, ஒரு பகுதியைத் திரும்பக் கீழே அனுப்புகின்றன. பெயர் ஒன்று, வேலை வேறு. பெயரை நாம் மாற்ற முடியாது. தேர்வில் புத்தகத்தில் உள்ளபடியே எழுதட்டும். ஆனால் உவமை எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் குழம்பிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. கொடி அழுவதை விளக்கும் பிள்ளைக்கு இது கனமில்லை.

செலவில்லாமல் செய்து காட்டலாம். மூன்று அட்டைப் பெட்டி, உள்ளே கருப்புத் தாள். ஒன்றைத் திறந்தே வையுங்கள். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, பழைய போட்டோ சட்டக் கண்ணாடி போதும். மூன்றாவதை மெல்லிய பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டுங்கள். பாலித்தீன் அகச்சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனாலும் அந்தப் பெட்டி திறந்த பெட்டியை விட நன்றாகவே சூடேறும். பிறகு பாலித்தீனின் ஒரு ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கும், பெட்டியின் எதிர்ப்பக்கச் சுவரின் அடியில் அதே அளவுக்கும் துளை போடுங்கள். மூடி முக்கால்வாசிக்கு மேல் அப்படியே இருக்கும், வெப்பநிலை மட்டும் இறங்கும். ஹாம்ப்டன் கோர்ட் தோட்டக்காரர் கோடையில் சன்னலைத் திறப்பதும் இதற்குத்தான். இரண்டு எச்சரிக்கை. வெப்பநிலைமானியின் குமிழில் நேர் வெயில் படாமல் சின்னக் காகித நிழல் வையுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் பயன்படுத்தாதீர்கள். அதன் அளவு 42 டிகிரியோடு முடிந்துவிடும், பெட்டி அதைத் தாண்டிவிடும்.

பெட்டிகளை இடைவேளையிலேயே வெளியே வெயிலில் வைத்துவிட்டோம். இப்போது இருபது நிமிடம் ஆகியிருக்கும். திறந்த பெட்டியை ஒரு குழு, கண்ணாடியை ஒரு குழு, பாலித்தீனை ஒரு குழு படித்துச் சொல்லுங்கள். துளை போடக் கத்தி என்னிடம் இருக்கிறது. வாருங்கள், போகலாம்.